கான்கூனில் கைகோத்தார்கள், ஜெனீவாவில் கைவிட்டார்கள்

போன இதழில் உலக வர்த்தக அமைப்பைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஏழை நாடுகள் அங்கே தனித்தனியாகப் போனால் தலையாட்டிவிட்டு வரவேண்டியதுதான்." அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. ஆகவே இந்த முறை சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் லீவு.

● வளரும் நாடுகள் ஒன்று சேர்ந்து பணக்கார நாடுகளை மடக்கியது நிஜமாகவே நடந்திருக்கிறதா, இல்லை எல்லாம் மேடைப் பேச்சோடு சரியா?
– ஒரு வாசகர், ஈரோடு

நடந்திருக்கிறது. 2003 செப்டம்பர் 10 முதல் 14 வரை மெக்சிகோவின் கான்கூன் நகரில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டில்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 13ஆம் தேதி, அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் விவசாயத்தைப் பற்றி ஒரு கூட்டு வரைவைக் கொண்டுவந்து வைத்தன. விவசாய மானியம் என்று வந்தால் இரண்டும் கீரியும் பாம்பும். அதெப்படி ஒன்றானார்கள் என்றால், உன் மானியத்தை நான் நோண்டமாட்டேன், என் மானியத்தை நீ நோண்டாதே, மற்றவர்கள் சந்தையைத் திறந்துவிடட்டும், அவ்வளவுதான் உடன்பாட்டின் சாரம். இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1992இல் வாஷிங்டனின் பிளேர் ஹவுஸில் இந்த இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசி முடித்ததைத்தான் பிறகு உருகுவே சுற்றின் (உலக வர்த்தக அமைப்பையே பெற்றெடுத்த பேச்சுவார்த்தை) விவசாய ஒப்பந்தமாக உலகம் முழுவதும் தலையில் கட்டிக்கொண்டது. அதே கதை மறுபடி நடக்கும் என்று நம்பியிருப்பார்கள்.

நடக்கவில்லை. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 20ஆம் தேதி, பிரேசிலும் இந்தியாவும் முன்னால் நிற்க ஏறக்குறைய இருபது நாடுகள் மாற்று வரைவு ஒன்றைத் தாக்கல் செய்தன. இதற்கு ஜி-20 என்றே பெயர் வந்தது. (இப்போது பிரதமர்களும் அதிபர்களும் கூடிப் படம் எடுத்துக்கொள்கிற ஜி-20 வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சீனா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா, தாய்லாந்து, மெக்சிகோ எல்லாம் இருந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே தாளில் இருந்தன என்றால் பாருங்கள். உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அந்தக் கூட்டணிக்குள் அடக்கம்.

அந்த வரைவைப் படித்தால் ஒரு சாமர்த்தியம் தெரியும். பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சோயா, இறைச்சி, சர்க்கரை விற்கவேண்டும், எல்லாரும் இறக்குமதி வரியைக் குறைக்கவேண்டும். இந்தியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் சிறு விவசாயியைக் காப்பாற்றவேண்டும், வரியில் கைவைக்கக் கூடாது. இரண்டும் நேர் எதிர். ஆகவே பணக்கார நாடுகளின் மானியத்தைப் பற்றிக் காட்டமாகவும், வளரும் நாடுகளின் இறக்குமதி வரியைப் பற்றிப் பூசி மெழுகியும் எழுதினார்கள். தேர்தல் கூட்டணி மாதிரிதான்: ஆளும் கட்சியைத் தோற்கடிக்கவேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே குரல், தொகுதிப் பங்கீடு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கான்கூன் கடைசியில் உடைந்தது விவசாயத்தில் அல்ல என்பதுதான் வேடிக்கை. முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், சுங்க நடைமுறை என்று நான்கு புதிய விஷயங்கள் இருந்தன. சிங்கப்பூர் மாநாட்டில் தொடங்கியதால் சிங்கப்பூர் விவகாரங்கள் என்பார்கள். கடைசி நாளில் ஐரோப்பிய ஒன்றியம் இதில் இரண்டை விட்டுவிடலாம் என்று இறங்கி வந்தது. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுகூட வேண்டாம் என்றன. தென்கொரியாவோ நான்கும் வேண்டும் என்று நின்றது. தலைமை வகித்த மெக்சிகோ வெளியுறவு அமைச்சர் டெர்பெஸ், போதும் என்று மாநாட்டையே முடித்துவிட்டார். இதே தென்கொரியாவிலிருந்து வந்த ஒரு விவசாயி, மாநாட்டின் முதல் நாள் வெளியே தடுப்பு வேலியின் மேல் ஏறித் தன்னைத்தானே குத்திக்கொண்டு இறந்துபோனார். அவர் உயிர் வெளியே போயிற்று, அவர் அரசாங்கம் உள்ளே எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் என்ன ஆனது? அந்த நான்கில் மூன்று 2004 ஜூலையில் பேச்சுவார்த்தையிலிருந்தே எடுக்கப்பட்டன. ஏற்றுமதி மானியம் ஒழியவேண்டும் என்று 2005இல் ஹாங்காங்கில் தேதி குறித்தார்கள், 2015இல் நைரோபியில் முடிவாயிற்று. இன்னொன்றும் நடந்தது. பெரியவர்கள் மட்டும் உட்காரும் உள்ளறையில் இந்தியாவுக்கும் பிரேசிலுக்கும் நாற்காலி கிடைத்தது. கூட நின்ற சின்ன நாடுகள் பழையபடி வராந்தாவில். இதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் உண்மை.

● தோஹா மாநாட்டில் முரசொலி மாறன் அமெரிக்காவை எதிர்த்து நின்றார் என்று அப்பா அடிக்கடி சொல்வார். கட்சிப் பாசமா, நிஜமா?
– கல்லூரி மாணவி, சென்னை

அப்பாவுக்குக் கட்சிப் பாசம் இருக்கலாம், விஷயம் நிஜம். 2001 நவம்பர், கத்தாரின் தோஹா நகரில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு. இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டு மாதம். அந்த நேரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவன் உலக விரோதி என்கிற மாதிரி ஒரு சூழல். மாநாட்டுக்கு முன் சிங்கப்பூர் விவகாரங்கள் வேண்டாம் என்று ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்துதான் சொல்லிக்கொண்டிருந்தன. தோஹாவில் ஐரோப்பாவுடனான அவர்களுடைய சலுகை வர்த்தகத்துக்கு விதிவிலக்கு கிடைத்தது, குரல் தணிந்தது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை, அந்தச் சலுகையை நம்பித்தான் அவர்கள் ஏற்றுமதி இருந்தது.

கடைசியில் வணிக அமைச்சர் மாறன் கிட்டத்தட்டத் தனியாக நின்றார். மாநாடு ஒரு நாள் நீண்டது. தலைமை வகித்த கத்தார் அமைச்சர், அந்த விவகாரங்களில் அடுத்த மாநாட்டில் பேச்சு தொடங்கவேண்டுமானால் எல்லா உறுப்பு நாடுகளின் வெளிப்படையான ஒப்புதலும் வேண்டும் என்று விளக்கம் வாசித்த பிறகுதான் இந்தியா சம்மதித்தது. அன்றைக்கு இதைப் பலர் ஒப்புக்குச் சப்பாணி என்றார்கள். இரண்டு வருடம் கழித்து கான்கூனில் ஆப்பிரிக்க நாடுகள் "எங்கள் ஒப்புதல் இல்லை" என்று சொன்னபோது அவர்கள் கையில் இருந்தது அந்த விளக்கம்தான். மாறன் அப்போது நோய்ப் படுக்கையில் இருந்தார். கான்கூன் முடிந்து இரண்டு மாதத்தில், 2003 நவம்பர் 23ஆம் தேதி காலமானார்.

● நான் பருத்தி போடுகிறவன். ஆப்பிரிக்காவில் நாலு நாடுகள் பருத்திக்காக அமெரிக்காவோடு சண்டை போட்டதாகப் படித்தேன். அவர்கள் ஜெயித்தார்களா? நமக்கு அதில் என்ன?
– ஒரு விவசாயி, ராஜபாளையம்

பெனின், புர்கினா ஃபாசோ, மாலி, சாட். பருத்தி நான்கு என்றே அவர்களுக்குப் பெயர். 2001–02இல் உலகச் சந்தையில் பஞ்சு விலை பவுண்டுக்கு 40 சென்ட் அளவுக்கு விழுந்தது. அமெரிக்காவில் பருத்தி போடுகிறவர்கள் சுமார் 25,000 பேர். அவர்களுக்கு அந்த ஆண்டு போன மானியம் 300 கோடி டாலருக்கு மேல். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பருத்தியை நம்பியவர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களுக்குக் கொடுக்க அரசாங்கத்தின் கையில் சல்லிக்காசு இல்லை. 2003 ஜூனில் புர்கினா ஃபாசோ அதிபர் கம்பாவோரே நேரே உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவுக்கே வந்து, எங்களுக்குத் தர்மம் வேண்டாம், உங்கள் விதியை நீங்களே மதியுங்கள் என்கிற தொனியில் பேசிவிட்டுப் போனார்.

கான்கூன் வரைவில் அதற்கு வந்த பதிலைப் பார்க்கவேண்டுமே. மானியம் குறைப்பதைப் பற்றி உருப்படியாக ஒன்றும் இல்லை. பருத்தியை விட்டு வேறு தொழில்களுக்கு மாற அந்த நாடுகளுக்கு உதவலாம் என்று இருந்தது! பிச்சை வேண்டாம், நாயைப் பிடி என்றவனிடம் நீ வேறு தெருவுக்குப் போ என்று சொன்ன கதை. ஆப்பிரிக்கர்கள் அந்த மாநாட்டில் அவ்வளவு விறைப்பாக நின்றதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

அமெரிக்க மானியத்துக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பில் வழக்கு போட்டது பிரேசில், 2002இல். பெனினும் சாடும் மூன்றாம் தரப்பாகச் சேர்ந்தன. 2005இல் மேல்முறையீட்டிலும் பிரேசில் ஜெயித்தது. அமெரிக்கா மானியத்தை நிறுத்தவில்லை. பதிலடி கொடுப்போம், உங்கள் காப்புரிமையிலும் கைவைப்போம் என்று பிரேசில் மிரட்டியதும் 2010இல் ஒரு ஏற்பாடு: அமெரிக்கா ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் பிரேசிலின் பருத்தி நிறுவனத்துக்குக் கட்டும். தன் விவசாயிக்கு மானியம் தொடர்ந்து கொடுப்பதற்காக அடுத்த நாட்டு விவசாயிக்கும் பணம் கட்டியது, அதாவது அமெரிக்க வரிகட்டுகிறவர் இரண்டு நாட்டுப் பருத்திக்கும் படியளந்தார். 2014இல் இன்னொரு 30 கோடி டாலர் வாங்கிக்கொண்டு பிரேசில் வழக்கை முடித்துக்கொண்டது. அந்தப் பணத்தில் ஆப்பிரிக்கப் பருத்திக்கு உதவ இடம் வைத்திருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் மாலி விவசாயி கேட்டது விலையை அமுக்குகிற மானியம் நிற்கவேண்டும் என்று. அது நிற்கவில்லை.

நமக்கு என்ன என்று கேட்டீர்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை நிறுத்தி வைத்ததே, அது உங்களுக்கு இடி, உங்கள் ஊர் மில்காரருக்குத் தேன். ஒரே ஊருக்குள் பருத்தி போடுகிறவரும் நூல் நூற்கிறவரும் ஒரே கோரிக்கை வைக்க முடியவில்லை. நூறு நாடுகள் வைக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

● 2008இல் பேச்சுவார்த்தை முறிந்ததற்கு இந்தியாதான் காரணம் என்று சிலர், இந்தியா விவசாயியைக் காத்தது என்று சிலர். எது சரி?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் சரி என்றால் நழுவுகிறேன் என்பீர்கள். சரி, விவரமாகவே சொல்கிறேன்.

2008 ஜூலை, ஜெனீவா. தோஹாவில் தொடங்கிய பேச்சுவார்த்தையை முடிக்க அமைச்சர்கள் கூடினார்கள். இறக்குமதி திடீரென்று குவிந்து உள்ளூர் விலை விழுந்தால் வளரும் நாடு தற்காலிகமாகக் கூடுதல் வரி போடலாம் என்று ஒரு பாதுகாப்பு வழி பேசப்பட்டது. எவ்வளவு குவிந்தால் போடலாம் என்பதில்தான் சண்டை. உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர் பாஸ்கல் லாமி (கான்கூனில் ஐரோப்பாவுக்காகப் பேசியவரேதான்) வைத்த கணக்கு, வழக்கமான அளவு 100 என்றால் 140ஐத் தாண்டினால்தான் பழைய வரி உச்சவரம்புக்கு மேலே போகலாம் என்பது. சிறு விவசாயிகளைக் காக்க இந்தோனேசியா தலைமையில் சேர்ந்த ஜி-33 என்ற வளரும் நாடுகளின் குழுவும், அதில் இருக்கும் இந்தியாவும் 110 போதும் என்றன. அன்றைய வணிக அமைச்சர் கமல்நாத் அசையவில்லை, 40 சதவீதம் கூடுதலாக வந்து இறங்குகிற வரைக்கும் காத்திருந்தால் அதற்குள் விவசாயி நிலத்தை விற்றிருப்பான் என்பது இந்தியத் தரப்பின் வாதம். சீனா இந்தியா பக்கம் நின்றது. அமெரிக்கா மறுத்தது.

பிரேசில்? லாமியின் கணக்கை ஏற்றுக்கொண்டது. கான்கூனில் தோளோடு தோள் நின்ற செல்சோ அமோரிம்தான் அப்போதும் அதன் வெளியுறவு அமைச்சர். பராகுவே, உருகுவே மாதிரி சின்ன நாடுகள்கூட இந்தியா கேட்டதை எதிர்த்தன, ஏனென்றால் விற்கிறவர்கள் அவர்கள். தொகுதிப் பங்கீட்டு நாள் வந்துவிட்டது.

என் கருத்து கேட்டால், இந்தியா அடம்பிடித்தது நியாயம். ஆனால் நம் நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஆதரவு விலைக்கு அரசு எடுக்கிறது அல்லவா, அந்த விலைக்கும் 1986–88இன் உலக விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மானியம் என்று கணக்கெடுக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய விலை! இப்படிக் கணக்குப் பார்த்தால் எல்லை மீறாமல் என்ன செய்யும்? 2018–19இல் நம் நெல் உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், அதில் பத்து சதவீதம்தான் மானிய வரம்பு, கணக்கில் வந்ததோ 500 கோடி டாலர். 2013இல் பாலியில் போராடி வாங்கிய விதிவிலக்கு இருந்ததால் வழக்கில் மாட்டாமல் தப்பினோம். கணக்கு அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் தாய்லாந்து விவசாயி இடத்திலிருந்து பாருங்கள்: உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியா, அந்த இந்தியா கொள்முதலுக்குச் சலுகை கேட்கிறது. 2024இல் அபுதாபி மாநாட்டில் தாய்லாந்துத் தூதர் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இந்தியா கோபப்பட்டது, தாய்லாந்து அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. நாமும் ஒருவருக்கு அமெரிக்காதான்.

● மருந்து விஷயத்தில் மட்டும் ஏழை நாடுகள் ஜெயித்ததாகச் சொல்கிறார்களே?
– ஒரு மருந்துக்கடைக்காரர், மதுரை

2001இல் ஓரளவு, 2022இல் அரைகுறை. எய்ட்ஸ் மருந்து ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் மும்பையின் சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்றது, 2001 பிப்ரவரியில். தென்னாப்பிரிக்க அரசு மீது வழக்கு போட்டிருந்த 39 மருந்துக் கம்பெனிகள் உலகமே காறித்துப்பவும் ஏப்ரலில் வாபஸ் வாங்கின. அந்தச் சூட்டில்தான் ஆப்பிரிக்க நாடுகள், இந்தியா, பிரேசில் சேர்ந்து தோஹாவில் பொதுச் சுகாதாரப் பிரகடனத்தை வாங்கின: மக்கள் உயிருக்கு ஆபத்து என்றால் காப்புரிமையைத் தாண்டலாம். ஒரே வரியில் சொல்லக்கூடிய கோரிக்கை, எல்லாருக்கும் பொருந்தியது, யாருக்கும் நஷ்டமில்லை.

கொரோனா காலத்தில் 2020 அக்டோபர் 2ஆம் தேதி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி எல்லாவற்றுக்கும் காப்புரிமைத் தளர்வு கேட்டன. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. பிரேசில் தொடக்கத்தில் எதிர்த்தது, இத்தனைக்கும் எய்ட்ஸ் காலத்து வீரர்களில் ஒருவர். 2022 ஜூனில் கிடைத்தபோது தடுப்பூசிக்கு மட்டும், அதுவும் நிபந்தனைகளோடு. அதற்குள் ஊரெல்லாம் மூன்றாவது ஊசி போட்டாகிவிட்டது.

● இலங்கை போன்ற சின்ன நாட்டுக்கு இந்தக் கூட்டணிகளால் பயன் உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு, ஆனால் உங்கள் நாடு செய்த ஆகக் கெட்டிக்கார வியாபாரம் இந்தக் கூட்டணிகளெல்லாம் பிறப்பதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. 1952. கொரியப் போர் நடக்கிறது. அரிசி விலை ஏறிப்போய்க் கிடக்கிறது, ரப்பர் விலை விழுந்துவிட்டது. சீனாவுக்கு ரப்பர் போகக் கூடாது என்று ஐ.நா. தடை. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினர்கூட இல்லை, அந்தத் தடை அதைக் கட்டுப்படுத்தாது. டட்லி சேனநாயக்க அரசு, கம்யூனிஸ்ட்டுகளின் நிழலைக்கூட விரும்பாத அரசு, வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கவை பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) அனுப்பி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது: ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி, 50,000 டன் ரப்பர். ரப்பருக்குச் சந்தையை விட நல்ல விலை, அரிசி சந்தையை விட மலிவு. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. கொழும்பு கவலைப்படவில்லை, சோற்றுக்கு வழி கிடைத்துவிட்டதே.

இப்போது இலங்கை ஜி-33இல் இருக்கிறது. ஜெனீவாவில் ஒரே நாளில் பல கூட்டம் நடக்கும். சின்ன நாட்டுத் தூதரகத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், மீன்பிடி மானியத்துக்குப் போனால் விவசாயக் கூட்டம் போச்சு. கூட்டணி இருந்தால் யாராவது ஒருவர் போய்க் கேட்டுவந்து சொல்வார். பெரிதாகத் தெரியாது, ஆனால் இதுவே பாதிப் பலன்.

● சீனா இன்னும் வளரும் நாடா?
– வாசகி, திருச்சி

உலக வர்த்தக அமைப்பில் வளரும் நாடா இல்லையா என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் சீனா, வளரும் நாடுதான், ஆனால் இனிவரும் பேச்சுகளில் புதுச் சலுகை கேட்கமாட்டேன் என்று அறிவித்தது. பட்டம் வேண்டும், படிப்புச் சலுகை வேண்டாம்.

● ட்ரம்ப் வரி போட்டபோது இந்தியா, வங்கதேசம், வியட்நாம், இலங்கை எல்லாம் சேர்ந்து போய்ப் பேசியிருந்தால் என்ன?
– பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

பேசியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி அறிவித்தது வியட்நாமுக்கு 46, இலங்கைக்கு 44, வங்கதேசத்துக்கு 37, இந்தியாவுக்கு 26 சதவீதம். அதைப் பார்த்ததும் உங்கள் ஊரில் சிலர் முகத்தில் சிரிப்பு வந்ததை மறுக்காதீர்கள். வியட்நாம் ஆர்டர் இங்கே வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஆகஸ்டு வந்தபோது அவர்கள் மூவருக்கும் 20, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை வரியையும் சேர்த்து நமக்கு 50. சிரிப்பு டாக்கா பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு விகிதங்கள் மாறியது தனிக் கதை.

ஒரே பையருக்கு (வாங்குகிற வெளிநாட்டு கம்பெனிக்கு) ஒரே டீ-சர்ட்டைத் தைத்துக் கொடுக்கிற நாலு பேர், அந்தப் பையரோடு பேரம் பேசச் சேர்ந்து போவது கஷ்டம். அதோடு, ஜெனீவாவில் ஒரு நாட்டுக்குக் கொடுத்த வரிச்சலுகையை எல்லாருக்கும் கொடுக்கவேண்டும் என்ற விதியாவது இருந்தது. நாடுகளின் வழக்குகளைக் கடைசியாக விசாரிக்கிற, உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆள் போடவிடாமல் அமெரிக்கா தடுத்து, 2019 டிசம்பரிலிருந்து அது செயலிழந்து கிடக்கிறது. ஆகவே ஒவ்வொருவராக வாஷிங்டன் வாசலில் வரிசை. கான்கூனில் கதவைச் சாத்த முடிந்தது, ஏனென்றால் அங்கே எல்லாரும் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நகராது. வாஷிங்டனில் நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வரி நகரும்.

● பணக்கார நாடுகளை விடுங்கள். வளரும் நாடுகள் தங்களுக்குள்ளேயே வரியைக் குறைத்துக்கொண்டு வியாபாரம் செய்யலாமே?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோவை

அதற்கென்றே ஓர் ஒப்பந்தம் 1988இல் பெல்கிரேடில் கையெழுத்தாகி மறுவருடமே அமலுக்கு வந்தது. அதன் மூன்றாவது சுற்றை 2004இல் சாவ் பாவ்லோவில் தொடங்கி, ஆறு வருடம் பேசி, வரி விதிக்கிற பொருள்களில் 70 சதவீதத்துக்கு வரியில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது என்று 2010 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, மலேசியா, கொரியா எல்லாம் உண்டு. இந்தியா ஒப்புதல் கொடுத்துவிட்டது. போதுமான நாடுகள் கொடுக்காததால் பத்து வருடம் கழிந்தும் அது அமலுக்கு வரவில்லை. இதில் அமெரிக்கா தடுத்தது என்று சொல்லக்கூட வழியில்லை சார், அவர்கள் அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை.